கழற்றிப் போடாதீர்கள், ஓட்டுங்கள்

பழைய எம்.ஜி.பி. திறந்த கார் ஒன்றை வாங்கி, காசும் நேரமும் கிடைக்கும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சீர்செய்ய வேண்டும் என்று ஆசைப்படும் பிரிட்டன் வாழ் தமிழ் நண்பர்களுக்கு,

கல்யாண மண்டப வாசலிலும் கோயில் கார் நிறுத்தத்திலும் என் வண்டியைச் சுற்றி நின்று நீங்கள் கேட்கும் கேள்விகளுக்கு அரைகுறையாகத்தான் பதில் சொல்ல முடிகிறது. "அண்ணா, ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன், வாங்கலாமா?" என்று கேட்பவரிடம் ஐந்து நிமிடத்தில் எதைச் சொல்வது, எதை விடுவது? அதனால்தான் எல்லோருக்கும் சேர்த்து இந்த மடல்.

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாங்குங்கள், தயங்க வேண்டாம். ஆனால் ஓடுகிற வண்டியாகப் பார்த்து வாங்குங்கள். வாங்கிய பிறகும் அதை ஓட்டிக்கொண்டே சரிசெய்யுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்த வாரமே முழுசாகப் பிரித்துப் போட்டுவிடாதீர்கள்.

விற்பனை விளம்பரங்களைப் பாருங்கள். வேலை பாதியில் நிற்கிறது, பாகங்கள் எல்லாம் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன, குடும்பச் சூழலால் விற்கிறோம் என்று வரும் வண்டிகளுக்குப் பஞ்சமே இல்லை. எல்லாமே ஆசை ஆசையாகத் தொடங்கியவைதான். ஒரு சனிக்கிழமை சீட்டைக் கழற்றுவார்கள். கார்பெட்டுக்கு அடியில் துரு தெரியும். அது எதுவரை போயிருக்கிறது என்று பார்க்க டாஷ்போர்டு வெளியே வரும், அதோடு வயரிங்கும் வரும். எந்த போல்ட் எந்த ஓட்டைக்கு என்ற நினைவு இரண்டு குளிர்காலத்துக்கு மேல் யாருக்கும் தங்காது. இடையில் குழந்தை பிறக்கும், வேலை மாறும், வீடு மாறும். கடைசியில் அந்தப் பெட்டிகளை இன்னொருவர் மலிவாக வாங்கிப் போவார். பிரித்தவருக்கே மறந்துபோனதைப் பெட்டியில் வாங்கியவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

ஓடுகிற வண்டியின் கதை வேறு. ஒரு வேலையை எடுத்து, முடித்து, ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டியிருக்கும். பிரேக்கைப் பிரித்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் பூட்டியாக வேண்டும் என்ற கட்டாயமே பாதி வேலையை முடித்துவிடும். வெயில் அடிக்கும் காலையில் ஹூடை இறக்கிவிட்டு சில்டர்ன் குன்றுகள் பக்கம் ஒரு சுற்று போய் வந்தால், அடுத்த மாதம் முதுகு வலிக்க வண்டிக்கு அடியில் படுப்பதற்கான மனசும் வந்துவிடும். வண்டியின் உண்மையான குறைகளும் ஓட்டும்போதுதான் தெரியும். நின்ற இடத்தில் பார்த்தால் சீட் கிழிசல்தான் பெரிதாகப் படும். முப்பது மைல் ஓட்டினால் கிங்பின் தேய்ந்திருப்பதும் மூன்றாம் கியர் வெளியே துள்ளுவதும் தெரிந்துவிடும்.

ஏன் எம்.ஜி.பி.? ஆஸ்டின்-ஹீலி 3000 அழகுதான், ஜாகுவார் ஈ-டைப் அதைவிட அழகு. ஆனால் அவற்றின் பாகங்களின் விலையும் வேலைக்கூலியும் சம்பளக்காரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது. எம்.ஜி.பி. 1962 முதல் 1980 வரை ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே உள்ள ஆபிங்டனில் தயாரானது. மூடிய கூரை கொண்ட ஜி.டி. வகையையும் சேர்த்தால் 5 லட்சத்துக்கும் மேல். இவ்வளவு வண்டி இருப்பதால்தான் இன்றும் அதன் பாகங்களைச் செய்து விற்றுப் பிழைக்க முடிகிறது. பம்பர் கிளிப்பிலிருந்து பிஸ்டன் வரை இன்று ஆர்டர் கொடுத்தால் இந்த வாரத்துக்குள் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் தொழிற்சாலையின் பழைய அச்சுகளைத் தேடிப் பிடித்து, 1988 முதல் புதிய பாடியையே முழுசாகச் செய்து தருகிறது. நாற்பது வருடத்துக்கும் முன்பே உற்பத்தி நின்றுபோன ஒரு காருக்கு இப்படி ஒரு கொடுப்பினை அபூர்வம்.

அந்தத் தொழிற்சாலையை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கனக்கும். 1929-இல் எம்.ஜி. ஆபிங்டனுக்கு வந்தது. ஐம்பதாம் ஆண்டை ஊரே கொண்டாடி முடித்த கையோடு, 1979 செப்டம்பர் 10-ஆம் தேதி, அப்போதைய உரிமையாளரான பிரிட்டிஷ் லேலண்ட் அந்தத் தொழிற்சாலையை மூடப்போவதாக அறிவித்தது. அடுத்த ஆண்டு அக்டோபரில் கடைசி எம்.ஜி.பி. வெளியே வந்தது. நீங்கள் வாங்கும் வண்டியின் வேலைப்பாட்டில் குறைகள் இருக்கும். அவற்றைத் திட்டும் முன் அந்தக் கைகள் என்ன நிலையில் வேலை செய்தன என்பதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

நமக்கு இன்னொரு நெருக்கமும் உண்டு. பானட்டைத் திறந்தால் தெரியும் எஞ்சின் பி.எம்.சி. பி-சீரிஸ், 1798 சி.சி. இதே குடும்பத்தின் 1489 சி.சி. எஞ்சின்தான் நம் ஊர் அம்பாசடரில் பல்லாண்டு காலம் ஓடியது. மதுரையிலோ திருச்சியிலோ அம்பாசடர் டாக்சி வைத்திருந்த மாமாவோ சித்தப்பாவோ உங்களுக்கு இருந்தால், டாப்பெட் கேப் எப்படி வைப்பது என்று அவரிடமே கேளுங்கள். ஃபீலர் கேஜைச் சொருகி எடுக்கும்போது விரலில் எவ்வளவு இறுக்கம் தெரிய வேண்டும் என்பதை எந்தப் புத்தகத்தைவிடவும் அவர் நன்றாகச் சொல்வார். யாழ்ப்பாணத்தில் மாரிஸ் மைனரையும் ஆஸ்டின் கேம்பிரிட்ஜையும் போர்க்காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடவைத்த மெக்கானிக்குகளின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இந்த நாட்டில்தான் இருக்கிறார்கள். உதிரிபாகமே வராத ஊரில் அவர்கள் அந்த வண்டிகளை ஓட்டிக்கொண்டேதான் காப்பாற்றினார்கள். அந்தக் கைப்பழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது.

எந்த வருட வண்டி என்று கேட்கிறீர்கள். எல்லோரும் தேடுவது 1974 வரை வந்த குரோம் பம்பர் வண்டிகளை. அதன் பிறகு, அமெரிக்கச் சட்டத்துக்காகக் கறுப்பு ரப்பர் பம்பர் வைத்து, வண்டியையும் ஒன்றரை அங்குலம் உயர்த்தினார்கள். அதனால் அவற்றுக்கு மவுசு குறைவு, விலையும் குறைவு. முதல் முறை வாங்குபவருக்கு நான் தயங்காமல் சொல்வது 1977-க்குப் பிந்தைய ரப்பர் பம்பர் வண்டி. வளைவில் சாயாமல் பிடிக்கும் ஆன்டி-ரோல் பார் முன்னும் பின்னும் உண்டு. மின்விசிறி உண்டு, ஓவர்டிரைவ் உண்டு. சீட்டுக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரிக்குப் பதில் ஒரே 12 வோல்ட் பேட்டரி. அதே காசுக்குக் குரோம் பம்பரோடு கிடைப்பதைவிட நல்ல பாடி கிடைக்கும். ரப்பரைக் கழற்றிக் குரோம் மாட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்தப் பணத்துக்கு இரண்டு பக்கத்து சஸ்பென்ஷனையும் புதுப்பித்துவிடலாம்.

எந்த வருடமானாலும் எல்லாம் பாடியில்தான் இருக்கிறது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

இதற்கு முந்தைய எம்.ஜி.ஏ.வுக்குத் தனி சேசிஸ் உண்டு, அதன்மேல் பாடி உட்காரும். எம்.ஜி.பி.யை உருவாக்கிய சிட் எனெவரும் அவரது குழுவினரும் அந்தச் சேசிஸை எடுத்துவிட்டு, பாடியையே சுமை தாங்க வைத்தார்கள். இதுவோ கூரை இல்லாத வண்டி. ஆகவே முன்பாதியையும் பின்பாதியையும் வளையாமல் பிடித்து நிறுத்துவது நடுவில் ஓடும் டனலும், கதவுகளுக்கு அடியில் ஓடும் இரண்டு சில்களும்தான். வெளியே தெரியும் தகடு மட்டுமே சில் என்று நினைத்துவிடாதீர்கள். வெளித்தகடு, அதற்குப் பின்னால் செங்குத்தாக நிற்கும் நடுத்தகடு, உள்தகடு, கீழே தரையோடு சேர்த்துப் பிடிக்கும் காசில் ரெயில் என்று நான்கும் சேர்ந்த பெட்டி அது. முன்சக்கரம் அடிக்கும் சேற்றைத் தடுக்க மட்கார்டுக்குள் ஒரு தகடு உண்டு. அதன் விளிம்பு ரப்பர் காய்ந்து விலகியதும் சேறு பின்னால் போய்த் தங்கிவிடும். இந்த நாட்டில் குளிர்காலம் முழுக்க ரோட்டில் கல்லுப்பு தூவுகிறார்கள். அந்த உப்புச் சேறு ஈரம் காயாமல் மாதக்கணக்கில் உள்ளே கிடந்தால், வெளியே பெயின்ட் பளபளத்தாலும் உள்ளே இரும்பு அப்பளமாக நொறுங்கியிருக்கும்.

துருப்பிடித்த சில்லை வெட்டி எடுக்காமல், அதன்மேலேயே இன்னொரு தகட்டை வைத்து ஒட்டி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்துவிடுவது இங்கே பழைய வழக்கம். என் வண்டியின் இடது சில்லை வெட்டித் திறந்தபோது வெளித்தகட்டுக்குப் பின்னால் கோழிக்கூட்டுக் கம்பிவலை இருந்தது. அதன்மேல் விரல் பருமனுக்குப் பட்டி. வலை நழுவாமலிருக்கக் கசக்கித் திணித்த செய்தித்தாள், ஈரம் குடித்துக் கறுத்துப் போயிருந்தது. நடுத்தகடு நின்ற இடத்தில் ஒரு பழுப்புக் கோடுதான் மிச்சம். வாங்கும்போதே எதிர்பார்த்ததுதான். காந்தம் ஒட்டவில்லை, விலையும் அதற்கேற்பக் குறைத்துத்தான் பேசியிருந்தேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். சில் போன வண்டியை வாங்கக் கூடாது என்பதில்லை. சில் போயிருக்கிறது என்று தெரிந்து, அந்த வேலைக்கான பணத்தைக் கழித்துக்கொண்டு வாங்குங்கள். சரியாகச் செய்ய வேண்டுமானால் முன் மட்கார்டைக் கழற்ற வேண்டும், பின் மட்கார்டின் கீழ்ப்பகுதியை வெட்டித் திரும்பப் பொருத்த வேண்டும். ஒரே மத்தியானத்தில் சில் மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அது மேலே தகடு ஒட்டும் வேலைதான்.

பார்க்கப் போகும்போது முதலில் பத்தடி தள்ளி நின்று கதவு இடைவெளியைப் பாருங்கள். கதவின் பின்விளிம்பில் மேலே குறுகி, கீழே அகன்றிருந்தால் வண்டி நடுவில் தொய்கிறது. பிறகு, சொந்தக்காரரின் அனுமதியோடு, சில்லுக்கு அடியில் உள்ள ஜாக்கி முனையில் வைத்துக் கொஞ்சம் உயர்த்தி, கதவைத் திறந்து மூடுங்கள். இடைவெளி மாறினாலோ கதவு சிக்கினாலோ அந்தச் சில் சுமையைத் தாங்கவில்லை. மெல்லிய துணி சுற்றிய சின்னக் காந்தத்தைச் சில்லின் கீழ்விளிம்பு, முன் மட்கார்டின் அடி, சக்கர வளைவு என்று நகர்த்திப் பாருங்கள். பட்டி இருக்கும் இடத்தில் பிடிப்பு விட்டுவிடும். கதவின் மேல்பகுதியில், சின்ன முக்கோணக் கண்ணாடிக்குக் கீழே தகட்டில் ஒரு கீறல் ஓடுகிறதா என்று பாருங்கள், எம்.ஜி.பி.யில் அது சாதாரணம். சீட்டுக்குப் பின்னால் கார்பெட்டைத் தூக்கி, பேட்டரிப் பெட்டிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே கையைவிட்டால் தரை தட்டுப்படுவதற்குப் பதில் ரோடு தட்டுப்பட்ட வண்டிகள் உண்டு.

கம்பிச் சக்கரம் இருந்தால், ஒருவர் பிரேக்கை மிதித்துப் பிடித்திருக்க, தூக்கி வைத்த சக்கரத்தை முன்னும் பின்னும் அசையுங்கள். டக் டக் என்று ஆடினால் உள்ளே ஸ்ப்ளைன் பற்கள் தேய்ந்துவிட்டன. சக்கரத்தோடு ஹப்பையும் மாற்ற வேண்டிவரும், சின்னச் செலவல்ல.

எஞ்சின், கியர்பாக்ஸ் பற்றி அவ்வளவு பயம் வேண்டாம். பி-சீரிஸ் உழைக்கும் எஞ்சின். சூடான பிறகு ரோட்டில் ஓடும்போது ஆயில் பிரஷர் 50 பி.எஸ்.ஐ.க்குக் கீழே போகாமல் நின்றால் நல்லது. அது தேய்ந்திருந்தாலும் பிரித்துச் செய்ய ஆளும் பாகமும் உண்டு, செலவையும் முன்கூட்டியே கணக்குப் போடலாம். பாடி வேலைக்கு அந்தக் கணக்கு நிற்காது. வெட்டத் தொடங்கிய பிறகுதான் அதன் விலை தெரியும். ஆகவே புகை விடும் எஞ்சினும் உறுதியான பாடியும் உள்ள வண்டி ஒரு பக்கம், பளபளக்கும் எஞ்சினும் பட்டி பூசிய பாடியும் உள்ள வண்டி இன்னொரு பக்கம் நின்றால், கண்ணை மூடிக்கொண்டு முதலாவதை எடுங்கள்.

சட்டம் நமக்குச் சாதகமாகவே இருக்கிறது. நாற்பது வருடம் தாண்டிய வண்டி என்பதால் இன்றைக்கு எந்த எம்.ஜி.பி.க்கும் சாலை வரி கிடையாது. ஆனால் ஹிஸ்டாரிக் வகுப்பில் பதிந்து, வருடா வருடம் கட்டணமில்லாமல் வரியைப் புதுப்பித்தே ஆக வேண்டும். லண்டன்வாசிகளைப் பயமுறுத்தும் யூலெஸ் கட்டணமும் அந்த வகுப்பில் பதிந்த வண்டிக்கு இல்லை. பெரிய மாற்றம் எதுவும் செய்யாத வண்டியானால் 2018 மே முதல் எம்.ஓ.டி. சோதனையும் கட்டாயமில்லை. இந்தக் கடைசிச் சலுகையை மட்டும் பயன்படுத்தாதீர்கள். வருடத்துக்கு ஒருமுறை, அதிகபட்சம் 54.85 பவுண்டுக்கு, உங்கள் வண்டியில் எந்த ஆசையும் வைக்காத ஒருவர் லிஃப்டில் ஏற்றி அடியெல்லாம் பார்த்துச் சொல்வது பெரிய உதவி. வாங்கும்போதும் விற்பவரிடம் புதிய எம்.ஓ.டி. எடுத்துத் தரச் சொல்லுங்கள். மறுத்தால் அந்த வண்டியை விட்டுவிடலாம்.

வி5சி பத்திரத்தில் உள்ள சேசிஸ் எண் வண்டியில் அடித்த எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். திறந்த வண்டியானால் ஜி.எச்.என். என்று தொடங்கும், ஜி.டி.யானால் ஜி.எச்.டி. கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் தன்னிடமுள்ள தொழிற்சாலைப் பதிவேட்டைப் பார்த்து, வண்டி கட்டிய தேதி, முதல் நிறம், எஞ்சின் எண் எல்லாம் எழுதிய சான்றிதழ் தரும். கட்டணம் உண்டு, கொடுக்கலாம். சிவப்பு வண்டி என்று வாங்கியது பிறக்கும்போது வெளிர்நீலம் என்று தெரியவரும். பிறகு பெயின்ட் அடிக்கும் நாள் வரும்போது எந்த நிறம் என்ற யோசனைக்கு இடமிருக்காது.

வாங்கியாயிற்று. முதல் வேலை எது? பிரேக், டயர், பெட்ரோல் ஹோஸ். இந்த மூன்றும் முடியும்வரை வேறு எதையும் தொடாதீர்கள். பழைய எம்.ஜி.பி.க்களில் பிரேக்குக்கு ஒரே ஒரு ஹைட்ராலிக் சுற்றுதான். ஒரு ரப்பர் ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் ஒன்றும் பிடிக்காது. ஹோஸ், இரும்புக் குழாய், எண்ணெய் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். பின் டிரம்மைத் திறக்கும்போது உள்ளே இருக்கும் தூசியை ஊதவோ காற்றடிக்கவோ கூடாது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். முகமூடி போட்டு, ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறியுங்கள். டயரில் பூப்பல்லைப் பார்த்து ஏமாறாதீர்கள், பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 2309 என்றால் 2009-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. ஓடாமலே கிழடாகிப்போன டயர்கள் இந்த வண்டிகளில் ஏராளம்.

பெட்ரோல் ஹோஸ் விஷயம் புதிது. 2021 செப்டம்பரிலிருந்து இங்கே சாதாரண பெட்ரோல் இ10, அதாவது பத்து சதவீதம்வரை எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் அதில் இளகி வெடிக்கும். இ5 என்று போட்ட சூப்பர் பெட்ரோலையே ஊற்றுங்கள், ஹோஸ்களையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள். ஈயம் கலந்த பெட்ரோல் 1999 முடிவோடு போய்விட்டது. வால்வு சீட் மாற்றாத சிலிண்டர் ஹெட்டாக இருந்தால் ஈயத்துக்கு மாற்றான திரவத்தை டேங்கில் சேருங்கள். டாப்பெட் கேப் 15 தவ், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு. ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் அது குறைந்துகொண்டே வந்தால் வால்வு சீட் உள்ளே அமிழ்கிறது என்று பொருள், ஹெட்டைக் கழற்றும் காலம் நெருங்குகிறது.

சாவியைத் திருப்பியதும் பின்னாலிருந்து ஒரு டிக்டிக் கேட்கும். அது எஸ்.யூ. பெட்ரோல் பம்ப். கார்புரேட்டரின் மிதவை அறை நிறைந்ததும் வேகம் குறைந்து அது நின்றுவிட வேண்டும். எஞ்சினைக் கிளப்பாமலே அந்தச் சத்தம் ஓயாமல் ஓடினால் எங்கேயோ பெட்ரோல் போகிறது, உடனே சாவியை அணைத்துவிட்டு மூக்கைப் பயன்படுத்துங்கள். இந்தச் சத்தத்தை ஒவ்வொரு முறையும் காதுகொடுத்துக் கேட்கப் பழகிக்கொள்ளுங்கள். கேபினிலேயே எட்டும் இடத்தில் தீயணைப்பான் ஒன்று திருகிப் பூட்டியிருக்கட்டும்.

வயரிங்கைக் கண்டு மிரளாதீர்கள். லூகாஸ் நிற வரிசையை மனப்பாடம் செய்தால் போதும். பிரவுன் எப்போதும் மின்சாரம் உள்ளது, வெள்ளை சாவி போட்டதும் வருவது, பச்சை ஃபியூஸ் வழியாக வருவது, கறுப்பு எர்த். விளக்கு மங்குகிறது, இண்டிகேட்டர் மெதுவாக அடிக்கிறது என்ற புகார்களில் பெரும்பாலானவை கறுத்துப்போன புல்லட் கனெக்டரிலும் துருப்பிடித்த எர்த் முனையிலும் முடிந்துவிடும். கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, திரும்பச் சொருகுங்கள். ஹெட்லைட்டுக்குத் தொழிற்சாலையில் ஃபியூஸே வைக்கவில்லை. ரிலேயும் ஃபியூஸும் சேர்த்துவிடுவது நல்லது. அசல்தன்மை கெட்டுவிடும் என்பவர்களின் பேச்சை இந்த ஒரு விஷயத்தில் நான் கேட்பதில்லை.

சில்லை எப்போது செய்வது? பிரேக் முடிந்ததும். வெல்டிங் பழகாதவர்கள் சில்லில் பழகாதீர்கள். தரைத்தகடு ஒட்டு, பேட்டரிப் பெட்டி போன்றவற்றில் கை பழகட்டும், பல ஊர்களில் கல்லூரி மாலை வகுப்பும் உண்டு. சில்லைக் கைதேர்ந்தவரிடம் கொடுத்து, பக்கத்தில் நின்று பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும்தான் வெட்ட வேண்டும். கதவு வாயில் குறுக்கே இரும்புச் சட்டம் வைத்து வெல்டு செய்த பிறகுதான் வெட்டு விழ வேண்டும். வெளித்தகட்டை முடிவாக ஒட்டும் முன் கதவை மாட்டிப் பார்க்க வேண்டும். இந்த மூன்றையும் அவர் சொல்லாமலே செய்கிறாரா என்று கவனியுங்கள். இல்லையென்றால் வண்டி வளைந்த நிலையிலேயே இறுகிவிடும், பிறகு எந்த ஜென்மத்திலும் கதவு சரியாக மூடாது. வேலை முடிந்ததும் சில்லுக்குள் மெழுகு பீய்ச்சுங்கள். கோடைக் கடைசியில், இரும்பு சூடாகவும் காய்ந்தும் இருக்கும் நாளில் செய்தால் இடுக்கெல்லாம் ஓடிப் பிடிக்கும்.

இன்னொன்று, உங்கள் காலடியில் விழுந்து கேட்கிறேன். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். ஆக்சில் ஸ்டாண்டு நான்கு வாங்குங்கள், முதலில் வாங்குங்கள். ஸ்பேனரும் அங்குல அளவில் ஏ.எஃப். வகையாக வாங்குங்கள். வீட்டிலிருக்கும் மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் போல்ட் தலை உருண்டுவிடும். முன் கிங்பின்களுக்கு 3,000 மைலுக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்க வேண்டும். இன்றைய காரோடு பழகியவர்கள் மறந்துவிடும் வேலை இது. அதை மறந்த வண்டியின் ஸ்டியரிங் எப்படிக் கனக்கும் என்பது ஒரு முறை பிடித்துப் பார்த்தாலே தெரியும்.

பெயின்ட் கடைசி வேலை. குரோம் அதற்கும் முந்தியதில்லை. ஐந்து வருடம் ஓட்டிய பிறகு அடியுங்கள். அதற்குள் எந்த மூலை மறுபடி கொப்பளிக்கிறது என்று வண்டியே காட்டிவிடும். பணத்தையும் நேராகவே சொல்லிவிடுகிறேன். நீங்கள் செலவழிக்கும் காசு விற்கும்போது திரும்பி வராது. இலாபத்துக்காக வாங்குவதானால் வேண்டவே வேண்டாம். மாதம் இவ்வளவு என்று வீட்டில் பேசி ஒதுக்கி, ஒரு மாதம் மிச்சமானால் அடுத்த பாகத்துக்குச் சேருங்கள். காப்பீட்டை, வண்டியின் மதிப்பை முன்கூட்டியே ஒப்புக்கொள்ளும் வகையில் எடுங்கள். இல்லையென்றால் மோதலுக்குப் பிறகு பழைய இரும்பு விலைதான் பேசுவார்கள்.

உங்களில் பலருக்கு கராஜ் கிடையாது, வரிசை வீடுதான் என்று தெரியும். திறந்தவெளியில் நிறுத்தியும் வைத்துக் காக்கலாம், ஆனால் பிளாஸ்டிக் தார்ப்பாய் போர்த்தக் கூடாது. அடியில் வேர்த்து, மழையைவிட மோசமாகத் துருவேற்றும். காற்றுப் போகும் உறையாக வாங்குங்கள். உப்பு போட்ட ரோட்டில் எடுக்க நேர்ந்தால் அன்றே அடியைத் தண்ணீரால் கழுவுங்கள். ஹூடை ஈரத்தோடு மடிக்காதீர்கள், கடும் குளிரிலும் மடிக்காதீர்கள். பின்னாலுள்ள பிளாஸ்டிக் கண்ணாடி குளிரில் விறைத்திருக்கும், மடித்தால் நடுவில் பிளந்துவிடும். முடிந்தால் இரண்டு மூன்று குடும்பங்களாகச் சேர்ந்து ஒரு லாக்-அப் வாடகைக்கு எடுங்கள். கிரேன் ஒருவரிடம், வெல்டிங் மெஷின் இன்னொருவரிடம் இருக்கட்டும். கிளட்ச் மாற்ற இந்த வண்டியில் எஞ்சினையே தூக்கியாக வேண்டும். அன்றைக்கு நான்கு கை தேவைப்படும்.

வண்டி பார்க்கப் போகும்போது என்னையும் கூப்பிடுங்கள். படுக்கப் பழைய பாயும் டார்ச்சும் காந்தமும் நான் எடுத்து வருகிறேன். ஒன்றை மட்டும் விற்பவரிடம் நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்: நாங்கள் வரும்வரை எஞ்சினைக் கிளப்ப வேண்டாம், ஆறிய எஞ்சினில்தான் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உங்களைப் போலவே ஒன்றை ஓட்டிக்கொண்டிருக்கும் ஓர் அண்ணன்